வலப்பக்க ஒலிபெருக்கி விற்பனைக்கு

கே.கே. நகர் வெங்கட்ரமணன் தம் வாழ்வில் இரண்டு முறை பொருத்தம் பார்த்தார். ஸ்யாமளாவை மணப்பதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. கூடத்துக்கு ஒலிபெருக்கி வாங்குவதற்கு எட்டு மாதங்கள் தேவைப்பட்டன.

ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற ஓம், கூடத்தின் நீள அகலத்துக்கு ஏற்ற வாட், சுவருக்கும் சோபாவுக்கும் இடையிலான தூரம் ஆகிய அனைத்தையும் ஆராய்ந்து, முழங்கால் உயரப் பெட்டிகள் இரண்டை அவர் தேர்ந்தெடுத்தார். இடப்பக்கப் பெட்டியின் வரிசை எண் 417, வலப்பக்கத்தது 418. அந்த வகையின் தயாரிப்பு நின்றுவிட்டது. ஆகவே, ஒன்று போனால் மற்றொன்றுக்கு உலகில் வேறு ஜோடி கிடையாது. மனைவியிடம் விலையை மட்டும் பத்தில் ஒரு பங்காக்கி, இரண்டும் சேர்த்து ஆறாயிரம் என்று கூறினார். குடும்ப அமைதியின் பொருட்டுக் கணவன்மார் கடைப்பிடிக்கும் நல்லொழுக்கங்களுள் இதுவும் ஒன்றாகும்.

வாங்கிய வாரத்திலேயே அவளைச் சோபாவில் அமர்த்தி, கண்களை மூடச் செய்து, பெட்டிகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டார். எந்தப் பெட்டி பாடுகிறது என்று அவளால் கூற இயலவில்லை. அதுவே பொருத்தத்தின் இலக்கணம் என்று அவர் ஒரு மணி நேரம் விளக்கினார். அவளும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

சென்ற வியாழக்கிழமை பகலில் ஸ்யாமளா, மகள் தீப்தியைக் காணக் கோயம்புத்தூர் சென்றாள். மாலையில் அலுவலகத்திலிருந்து திரும்பிய வெங்கட்ரமணன் கதவைத் திறந்தார். இடப்பக்க ஒலிபெருக்கியைக் காணவில்லை. பூட்டு உடைபடவில்லை. சன்னல் கம்பி வளையவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கும் மடிக்கணினியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

மனைவிக்கு அவர் இதைத் தெரிவிக்கவில்லை. தெரிந்தால் அவ்வீட்டில் இனி ஒரு பகல்கூடத் தனியே இருக்க மாட்டாள் என்று அஞ்சினார். காவல் நிலையத்தில் மட்டும் புகார் எழுதிக் கொடுத்தார்.

ஏட்டு இம்மானுவேல் வந்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வெள்ளிய விட்டுட்டு ஒத்தப் பொட்டியத் தூக்கிட்டுப் போயிருக்கான். கிறுக்குப் பயலா இருப்பான் போல சார்."

வெங்கட்ரமணன் இதனை வன்மையாக மறுத்தார். வந்தவன் ஞானமுள்ள திருடன். அவனால் ஒன்றைத்தான் சுமக்க முடிந்திருக்கிறது. அதன் ஒலியைக் கேட்டுவிட்டவன் மற்றொன்று இல்லாமல் உறங்க மாட்டான். எனவே தூண்டில் போட வேண்டும் என்றார். அன்றே இணையத்தில் விளம்பரம் வெளியாயிற்று: வலப்பக்க ஒலிபெருக்கி ஒன்று மட்டும் விற்பனைக்கு, வரிசை எண் 418.

இரண்டு நாட்கள் எவரும் சீந்தவில்லை. சனிக்கிழமை மாலை, அருகிலுள்ள உசிலம்பட்டியிலிருந்து காசிமாயன் என்பவர் தொலைபேசினார். அவர் விலையைக் கேட்கவில்லை. 418 இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். வெங்கட்ரமணன் முகவரியைப் பாதி சொல்லும்போதே, "தெரியும்ணே, காலையில வாரேன்" என்று வைத்துவிட்டார்.

ஞாயிறு விடியலில் ஸ்யாமளா ஊர் திரும்பினாள். சாதாரண உடையில் வந்த இம்மானுவேலை அலுவலக நண்பர் என்று அவளுக்கு அறிமுகம் செய்து, சாப்பாட்டு அறையின் திரைக்குப் பின்னே அமர்த்தினார் வெங்கட்ரமணன். அவள் விருந்தினருக்கு இட்லி பரிமாறினாள். கூடத்தில் ஒற்றைப் பெட்டி நிற்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. இவற்றையெல்லாம் கவனிக்கும் நுட்பம் அவளுக்கு இல்லை என்று அவர் நிம்மதியுற்றார். அடுக்களையில் இட்லிக் கொப்பரையின் மூடி சரியாக உட்காராமல் தடதடத்துக்கொண்டிருந்தது. ஒலியைப் பரிசோதிக்கும் வேளையில் அது இடையூறாகுமே என்பது மட்டுமே அவரது கவலை.

ஒன்பது மணிக்கு ஒரு மொபெட் வந்து நின்றது. அதன் பின்புறம் ஒரு பெரிய கூடை காலியாகக் கட்டப்பட்டிருந்தது. வந்தவர் அழைப்பு மணியைத் தேடவில்லை. வாசற்கதவின் மேலாகக் கையை விட்டு, வெளியிலிருந்து புலப்படாத கொக்கியைப் பழகிய கையால் நீக்கினார். வெங்கட்ரமணன் திரையை நோக்கித் தலையசைத்தார்.

காசிமாயன் நேரே ஒலிபெருக்கியிடம் சென்று குத்தவைத்து, பின்புறத்து எண்ணை விரலால் தடவினார்.

"இதேதாண்ணே. எங்கிட்ட இருக்குறது 417. ஒத்தையில கேட்டா, பாடுறவுக பக்கத்து வீட்டுல உக்காந்து பாடுற மாதிரியில்ல இருக்கு. எம்புட்டு வேணும், சொல்லுங்க."

முன்னேற்பாட்டின்படி வெங்கட்ரமணன் மூன்று முறை இருமினார். இம்மானுவேல் நான்காவது இட்லியை விழுங்கிவிட்டு, திரையை விலக்கி வந்து, காசிமாயனின் தோளை அழுத்திப் பிடித்தார்.

"எந்திரி மாப்ள. மிச்சத்த ஸ்டேஷன்ல பேசுவோம்."

காசிமாயன் வாய் திறப்பதற்குள், சட்னிக் கிண்ணத்தை ஒரு கையிலும் நீர் சொட்டும் மூடியை மறு கையிலும் ஏந்தியவாறு ஸ்யாமளா கூடத்துக்கு வந்தாள். அவரைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்தது.

"வாங்கண்ணே, நல்ல வேளை நீங்களே வந்துட்டீங்க. அன்னைக்குப் பொட்டிய வாங்கிட்டுக் கொப்பரை குடுத்தீங்களே, அதுக்கு இந்த மூடி சேரலை. வேற மாத்திக் குடுங்க."

வெங்கட்ரமணன் மூடியையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் அவரை வியப்புடன் நோக்கினாள்.

"என்னங்க அப்படிப் பாக்குறீங்க? ரெண்டுக்கும் துளி வித்தியாசம் இல்லைன்னு நீங்கதானே சொன்னீங்க. ஒரே பாட்டப் பாட எதுக்கு ரெண்டு? அதான் ஒன்னப் பாத்திரத்துக்குப் போட்டேன். மூவாயிரத்துப் பொட்டிக்கு இம்புட்டுப் பெரிய கொப்பரை யாரு குடுப்பா?"

இம்மானுவேல் காசிமாயனின் தோளிலிருந்து கையை எடுத்து, சட்டைப் பையிலிருந்து புகாரின் நகலை வெளியே எடுத்தார்.

"அப்ப இதுல ஒத்தப் பொட்டி முப்பதாயிரம்னு எழுதியிருக்கீங்களே சார், அத அடிச்சுரவா?"

ஸ்யாமளா மூடியை மேசை மீது வைத்துவிட்டு, மெதுவாகக் குற்றவாளியின் பக்கம் திரும்பினாள். காசிமாயன் அங்கிருந்து இரண்டடி விலகி நின்றுகொண்டார்.