செவ்வாய்க்கிழமைக் கம்பளி

பத்தரை அடித்த கையோடு இரண்டாம் நம்பர் மெஷின் ஒரு உதறு உதறி நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

இது நான்காவது செவ்வாய்க்கிழமை. மற்ற நாளெல்லாம் சமர்த்தாக ஓடுகிற மெஷின், செவ்வாயன்று மட்டும் இதே நேரத்தில் முரண்டு பிடிக்கிறது.

இந்த முறை விடுவதில்லை என்று மெக்கானிக் ஒன்பது மணிக்கே வந்து, மெஷினுக்குப் பின்னால் மீட்டரும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சூப்பர்வைசர் கறாராகச் சொல்லியிருந்தார். மத்தியானத்துக்குள் ஒரே வரி எழுதித் தர வேண்டும்: மெஷின் தப்பா, ஆள் தப்பா? ஆள் தப்பு என்றால் அதை ஓட்டுகிற மெஷின் அக்காவுக்கு நாளை முதல் வேலை கிடையாது.

மெஷின் அக்கா பதினோரு வருஷமாக இதனோடு மாரடிப்பவள். இப்போதும் அதன்மேல் உள்ளங்கையைப் பதித்தபடிதான் நின்றாள்.

பேரிங், பெல்ட், ஸ்பிரிங் எல்லாம் காலையிலேயே பார்த்தாயிற்று. ஒரு குறையும் இல்லை. மோட்டாரைக் காக்கிற ரிலேவும் சொக்கத்தங்கம். மோட்டார் சூடேறினால் கரண்டை வெட்டிவிடும். அது ஆற அரை மணி நேரம் ஆகும். அதுவரை யார் கெஞ்சினாலும் மசியாது.

சரி, மோட்டார் ஏன் சூடேறுகிறது? அதுதான் அவன் மண்டையைக் குடைந்தது.

மெஷின் கதவைத் திறந்தான்.

உள்ளே ஒரே ஒரு கனத்த கம்பளி. பந்தாகச் சுருட்டி, படுக்கை விரிப்பால் இறுக்கிக் கட்டியிருந்தது. கூடவே பேருக்கு நாலு தலையணை உறை.

ஒற்றைக் கம்பளியைப் போட்டால் பாரமெல்லாம் ஒரே பக்கம் சாயும். மெஷின் பிழியப் பார்க்கும், தள்ளாடும், வேகத்தைக் குறைத்துத் துணியைப் பரப்பப் பார்க்கும், மறுபடி பிழியப் பார்க்கும். இப்படி ஏழெட்டுத் தடவை மல்லுக்கட்டினால் எந்த மோட்டாரும் கொதிக்காமல் என்ன செய்யும்? நேற்று வேலைக்குச் சேர்ந்தவருக்குக்கூட எதிர்ப்பக்கம் இன்னொரு கம்பளி போடத் தெரியும்.

மெக்கானிக்குக் கோபம் வரவில்லை. ஆவல்தான் தாங்கவில்லை.

“ஏங்க்கா, வேணும்னேதானே பண்ணீங்க?”

அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவள், மெஷினுக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள்.

அவன் சுற்றிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனான். கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். காதில் ஹெட்ஃபோன் மாட்டிய ஒரு சிறுமி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கினாள். எதிரே இருந்த பெண் அதைக் குறித்துக்கொண்டாள். கதவில் எழுதியிருந்தது: காது பரிசோதனை, செவ்வாய் மட்டும், 10.30 முதல் 11 வரை.

அட!

சுவரை ஒட்டி நிற்கிற அந்த மெஷின் பிழிகிறபோது இந்த அறையே அதிருமே. நிறுத்தச் சொல்லிக் கேட்டால் சூப்பர்வைசர் கேட்கிற ஆளா? மெஷின் தானாக நின்றால்தான் உண்டு.

அக்காமேல் அவனுக்கு மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது. திரும்பி வந்து சீட்டில் எழுதினான்: மெஷின் தப்பு. மோட்டார் சூடாகிறது. செவ்வாய்தோறும் பத்தரை முதல் அரை மணி நேரம் நிறுத்தி வைக்கவும்.

பொய் ஒன்றும் இல்லை. தொட்டுப் பார்த்தான், சுடத்தான் செய்தது.

அக்கா அவனுக்கு முதுகைக் காட்டியபடி, ஒரு கையை மெஷின்மேல் ஊன்றி, மறு கையால் ஈரக் கம்பளியை இழுத்துக்கொண்டிருந்தாள். மற்ற மெஷின்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்ததால் கூடம் அமைதியாக இருந்தது.

“அக்கா, உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது!”

அவள் திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னான். அப்போதும் திரும்பவில்லை.

மெஷின் தகட்டை இரண்டு தட்டு தட்டினான். மெஷின்மேல் ஊன்றியிருந்த அவள் கையில் அது அதிர்ந்தது. சட்டென்று திரும்பினாள்.

அவன் முகத்தைப் பார்த்ததுமே, இனி மறைக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“போன வருஷம் நானும் அங்க போய் உக்காந்தேன் தம்பி. இந்த மெஷின் ஓடி, காலுக்குக் கீழ தரை அதிர்றப்பல்லாம் சத்தம்னு நெனச்சுக் கையைத் தூக்கிட்டேன். காது நல்லா இருக்குன்னு எழுதி அனுப்பிட்டாங்க.”

மோட்டார் ஆற இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது.

மெக்கானிக் அவள் கையிலிருந்த கம்பளியை வாங்கிக்கொண்டு, சுவரைக் காட்டினான்.