காற்று கசியும் இடம்

புஸ்ஸ்ஸ்ஸ்.

மறுபடியும் கசிந்தது.

அவள் முகமூடியின் பட்டையை இன்னும் இழுத்துக் கட்டினாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த கணவர், முடிவெட்டக் கூட்டிவந்த குழந்தை மாதிரி கண்ணை மூடிக்கொண்டு தலையைக் கொடுத்தார்.

புஸ்ஸ்ஸ்ஸ்.

மீசைதான். பட்டை சரி, அளவு சரி, மெஷின் சரி. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் அந்த விளிம்பு தோலில் ஒட்ட வேண்டிய இடத்தில் புதராக மீசை. மெஷின் அனுப்பும் காற்றெல்லாம் அது வழியாக ஓடிப்போனது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் மனிதர். பகலில் பஸ் ஓட்டுகிறவர். போன மாதம் சிக்னலில் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். மெஷின் போட்டு ஒழுங்காகத் தூங்குகிறார் என்று டாக்டர் சொல்லும்வரை வண்டியைத் தொடவே கூடாது என்றுவிட்டார்கள் டிப்போவில்.

"மீசையா, மூச்சா? ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலைங்க!"

"வேற எது வேணா சொல்லு. மீசைப் பேச்சை எடுக்காத."

"ஆமா, பெரிய ராஜ பரம்பரை! எடுத்தா கிரீடம் கீழ விழுந்துடும்!"

கெஞ்சியாயிற்று. மகளை விட்டுப் பேசியாயிற்று. கல்யாண போட்டோவில் இதே மீசை. மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் இதே மீசை.

"தூக்கத்துலயே போய்ச் சேர்ந்துட்டீங்கன்னா அந்த மீசையா எங்களைப் பார்த்துக்கும்?"

முகமூடியைக் கட்டில்மேல் எறிந்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டன.

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வெகுநேரம் தண்ணீர் ஓடியது.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் திரும்பி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகமூடியை அவரே மாட்டியிருந்தார், முதல் முறையாக.

புஸ் இல்லை. பொட்டுக் காற்று கசியவில்லை.

"அப்பாடா! இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" மெஷினை அணைத்தாள். "சரி, கழட்டுங்க. காபி ஆறுது."

அவர் கழற்றவில்லை. இரண்டு கையாலும் முகமூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"போடுன்னாலும் அடம், கழட்டுன்னாலும் அடமா?"

கையை இழுத்து விலக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

முகமூடியின் பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி தெளிவானது. உள்ளே, மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை கோணலாக ஒரு கோடு இறங்கியது. பிளந்திருந்த உதட்டை யாரோ, என்றோ, சேர்த்துத் தைத்த தழும்பு.

அவர் அவளைப் பார்க்கவில்லை. காற்று நின்ற முகமூடிக்குள் அவர் மூச்சு புகையாகப் படர ஆரம்பித்தது.

அவள் மெஷினை மறுபடி போட்டாள்.

"இருங்க," என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். "காபியைச் சுட வெச்சுக்கலாம்."