கோழிக்கு வாங்கிய சோளம்

“கோழிக்குத்தான்,” என்றேன், எனக்குத் தெரிந்த ஜெர்மனில்.

ஓர்லிகோனில் அடுக்குமாடியொன்றின் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறவனுக்கு ஏது கோழி? ஆனால் கோழித்தீனி என்றால் விலை குறைவு. மலையேறப் போகும்போது ஒரு பிடி வறுத்த சோளமும் இரண்டு மிடறு தண்ணீரும் இருந்தால் பிஸ்கட் செலவு மிச்சம். அதற்கு ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும்?

அட்லிஸ்வில் பண்ணைக்காரர் ருவெடி தலையாட்டினார். கொட்டிலில் சோளம் மலைபோலக் குவிந்து கிடந்தது. ஒரு மணியை எடுத்துக் கடித்தேன்.

“நசியுது. இன்னும் காயேல்லை. விலையைக் குறையுங்கோ.”

குறைத்தார். இன்னொன்றைக் கடித்தேன்.

“இதுவும் சரியில்லை.”

மறுபடி குறைத்தார். நான் மூன்றாவதைக் கடிக்கும்போது என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றவர், உள்ளே போய், வாய் கட்டிய சாக்கு ஒன்றைத் தூக்கி வந்தார்.

“குவியலை விடுங்கோ. இதைக் கொண்டு போங்கோ. விலை அதேதான்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

“கண்ணுக்கு முன்னால கிடக்கிறதை விட்டிட்டு உள்ளுக்கை கிடந்த பழசைத் தள்ளிவிடப் பாக்கிறியளோ? டாவோஸ் ஹோட்டலில கோப்பை கழுவேக்கையே உங்களை மாதிரி எத்தினை பேரைக் கண்டனான்.”

அவர் சாக்கைத் தராசில் வைத்தார். கத்தின கத்துக்கு இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொண்டுதான் சாக்கைக் காரில் ஏற்றினேன்.

வீட்டில் மனைவி சுகந்தி தாச்சியைக் காயவைத்து, எண்ணெய் விடாமல், மணிகள் உப்பிப் பொன்னிறமாகும்வரை கை ஓயாமல் கிண்டினாள். நான் சூட்டோடு தகரப் பேணியில் அடைக்கப் போனேன்.

“ஆறட்டும். சூட்டோட மூடினால் வேர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். உங்கட அவசரத்தைக் கடைத்தெருவோட வைச்சிருங்கோ.”

“அந்தப் பண்ணைக்காரனை ஒரு பிடி பிடிச்சன் பார்,” என்றேன்.

“உங்களிட்ட ஆர் தப்பினது?”

ஞாயிற்றுக்கிழமை, அட்லிஸ்வில் கோயில் முருகனைக் கும்பிட்டுவிட்டு நானும் சுகந்தியும் மலைப்பாதையில் ஏறினோம். பாதையோர மரவாங்கில் உட்கார்ந்து பேணியைத் திறந்து வாயில் போட்டதுதான் தாமதம், எதிரே தடியை ஊன்றிக்கொண்டு ருவெடி.

பேணியை ஜாக்கெட்டுக்குள் செருகினேன். பொய் பிடிபட்டால் அடுத்த வருஷம் சோளம் இல்லை. அதைவிட, சுகந்திக்குத் தெரிந்துவிடும்.

“கோழியள் சுகமோ?” என்றார்.

“எந்தக் கோழி?” என்றாள் சுகந்தி.

“சோளன் பண்ணைக்காரர். பகிடி விடுறார்.”

“சோளன் தந்த ஆளெல்லோ? ஒரு பிடி குடுங்கோவன்.” என் ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பேணியை இழுத்து நீட்டினாள்.

ருவெடி நறுக்கென்று கடித்தார்.

“நல்லா வந்திருக்கு. அந்தச் சாக்கு எங்கட வீட்டுச் சாப்பாட்டுக்கெண்டு புறம்பாக் காயவைச்சது. இப்பிடி வறுக்கலாமெண்டு எங்களுக்குத் தெரியாமல் போச்சு.”

நான் பேணியை எட்டிப் பார்த்தேன்.

“அப்ப அந்தக் குவியல்?”

“மாட்டுக்கு. ராவில எலி ஓடுற குவியல்.”

“நான் கோழிக்கெண்டுதானே கேட்டனான்?”

ருவெடி இன்னொரு பிடி அள்ளிக்கொண்டார்.

“கோழிக்கு வாங்கிற ஆக்கள் கடிச்சுப் பாக்கிறதில்லை.”