தகட்டுக்குள் நடை

திருகு ஓட்டையின் விளிம்புக்கு நுண்ணோக்கியை நகர்த்தினாள் விமலா.

கோடு விழுந்திருந்தால் அங்கேதான் முதலில் விழுந்திருக்கும்.

அது அவள் அப்பா சன்னாசியின் கால் எலும்பைப் பிடித்திருந்த டைட்டேனியத் தகடு. ஓரத்தில் ஓட்டையோடு ஒரு துண்டு வெட்டி, மெருகேற்றி, அமிலம் தொட்டு வைத்திருந்தாள்.

மோட்டாரிலிருந்து விழுந்து காலில் தகடு வைத்த பிறகும் அப்பா பெடாஸ் தோட்டத்து வீட்டில் தனியாகத்தான் இருந்தார். "தினம் கோயில் வரைக்கும் நடக்குறேன் லா. நீ வேலயப் பாரும்மா" என்பார் தொலைபேசியில்.

அவள் வேலையைப் பார்த்தாள். ஒன்பது மாதம்.

பக்கத்து வீட்டு அக்கா பஞ்சாலை சொன்னது வேறு. அவர் வீட்டுக் கதவு திறந்தே பார்த்ததில்லையாம்.

எது உண்மை என்று தகட்டைக் கேட்கலாம்.

வெளியே வழுவழுவென்று தெரிந்தாலும், உள்ளே ஆயிரக்கணக்கான படிகங்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் திரும்பி. டைட்டேனியப் படிகம் ஒரு திசையில் எளிதாக வழுக்கும்; இன்னொரு திசையில் பிடிவாதமாக நிற்கும். அதனால் ஒரே பாரத்தைத் தாங்கும்போதும் ஒன்று விட்டுக்கொடுக்கும், பக்கத்தில் இருப்பது கொடுக்காது. விட்டுக்கொடுத்ததில் மயிரிழைபோல் கோடு விழும்.

ஒன்பது மாத நடை என்றால் ஓட்டையைச் சுற்றி அந்தக் கோடுகள் இருக்க வேண்டும்.

ஒன்றுகூட இல்லை.

வேறு இடத்துக்கு நகர்த்தினாள். அங்கும் இல்லை.

சோதனைக்கூடத்தில் உடன் வேலை செய்யும் புனிதன், போகிற போக்கில் திரையை எட்டிப் பார்த்தான். "புது பிளேட்டாக்கா? ஒரு தடவகூட லோடு வாங்கல போலயே."

அவன் தேநீர் குடிக்கப் போய்விட்டான்.

புதிதாக வேலைக்கு வருபவர்களிடம் விமலா முதல் நாளே கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உலோகத்தில் விழுந்த கோடுகளை எப்படி அழிப்பது?

சூடாக்கினால் போதும். எண்ணூறு, தொள்ளாயிரம் டிகிரியில் பழைய படிகங்கள் மறைந்து, பாரமே அறியாத புதியவை அந்த இடத்தில் வளர்ந்துவிடும்.

மூன்று நாளாக அது அவள் நினைவுக்கே வரவில்லை.

போன சனிக்கிழமை காலை, சிரம்பான் மின்சுடலையில், அப்பாவின் சாம்பலிலிருந்து எலும்புகளைப் பொறுக்கிப் பானையில் போட்டார்கள். தகட்டை மட்டும் ஒதுக்கி வைத்தார்கள். யாரும் பார்க்காதபோது அவள் எடுத்துக்கொண்டாள்.

கைக்குட்டைக்குள் அது இன்னும் சூடாக இருந்தது.