சாப்பிட மாட்டேன் என்கிறவளுக்கு

"அக்கா, எப்படியாவது இந்த வேலைய வாங்கிடு. இல்லன்னா வூட்டுல என்ன ஆவும்னு ஒனக்கே தெரியும்."

கடலூரிலிருந்து தம்பி அரவிந்தன் போனில் சொன்னது மோனிகாவின் காதுக்குள்ளேயே நின்றது.

சிதம்பரத்தில், ஊட்டச்சத்துத் துறை உதவிப் பேராசிரியர் பணிக்கு நேர்முகத் தேர்வு. கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னாள். தேர்வுக் குழுவினர் முகம் மலர்ந்தது.

"கடைசியா ஒண்ணும்மா," என்றார் தலைவர். "ஐம்பது வயசு அம்மா. ஹீமோகுளோபின் ஏழுதான். என்ன சொல்வீங்க?"

"முருங்கக்கீரை, முட்டை, மீனு, இரும்புச்சத்து மாத்திரை சார்."

"எதையும் தொட மாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சா?"

 

"தெரியல சார்."

"ஜனங்கள சாப்பிட வைக்கத் தெரிஞ்சவங்களத்தானே தேடிக்கிட்டு இருக்கோம்? இந்த வேலைக்கு நீங்க சரிப்பட மாட்டீங்கம்மா."

ஃபைலை மூடிவிட்டார்.

படியிறங்கி வாசலுக்கு வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கடலூருக்குப் போன் போட்டாள்.

"அம்மா, வேல கெடச்சிடுச்சு!"

"நெசமாவாடி?" ராணியம்மாளின் குரல் ஈனஸ்வரத்தில் வந்தது.

"நெசந்தாம்மா. எனக்கு வேல கெடைக்கிற வரைக்கும் ஒருவேள கஞ்சிதான்னு ஆறு மாசமா கெடந்தியே, அந்த விரதம் இன்னியோட முடிஞ்சுது. போன ஸ்பீக்கர்ல போடும்மா. தம்பி, அம்மாவுக்குச் சோறு போடுடா. நான் லைன்லயே இருக்கேன்."

மறுமுனையில் தட்டு வைக்கும் சத்தம் கேட்கும்வரை மோனிகா போனை வைக்கவில்லை.