நாலு பாட்டில்

காலடியில் கிடக்கும். மிதித்தால்தான் உயிரைக் காக்கும். அது என்ன?

"செருப்பு" என்றார் ஆய்வாளர், காரின் பக்கத்தில் படுத்தபடியே.

"தப்புப்பா. பிரேக்" என்றாள் மகள்.

ஆய்வாளருக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. ஊரில் ஓடும் வண்டிகளின் பிரேக்கைப் பார்த்துத் தகுதிச் சான்று கொடுப்பதுதான் அவர் உத்தியோகம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டு வாசலில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் சக்கரங்கள் கழற்றப்பட்டு முட்டுகளின் மேல் நின்றது. அதில் இரண்டே இருக்கை. "வீட்டுல மூணு பேருன்னு விக்கிறவர்கிட்ட சொல்லலையா?" என்று வாங்கிய அன்றே மனைவி கேட்டிருந்தாள்.

மதியம் பள்ளிப் பிள்ளைகள் மலைமேல் இருக்கும் வானாய்வுக்கூடத்துக்குப் போகிறார்கள். மற்றவர்கள் வேனில். மகள் மட்டும் அப்பாவோடு சிவப்புக் காரில். ஒரு வருடம் நச்சரித்து வாங்கிய வரம்.

"மலை இறங்கணும்னா பிரேக் ஆயில் புதுசா இருக்கணும்" என்றார் அவர். "பழசு ஈரத்தை உறிஞ்சி வச்சிருக்கும். சூடேறினா கொதிச்சிடும். அப்புறம் மிதிச்சா பஞ்சை மிதிக்கிற மாதிரிதான். வண்டி நிக்காது."

ஓட்டுநர் இருக்கையில் மனைவி. பிரேக்கின் மேல் அவள் கால்.

"மிதி."

"மிதிச்சாச்சு."

"அப்படியே பிடி. நான் சொல்ற வரைக்கும் அசையாதே."

"கல்யாணம் ஆனதுல இருந்து அப்படித்தானே இருக்கேன்."

அவர் சக்கரம் மாட்டும் இடத்துக்குப் பின்னாலிருந்த சிறிய திருகைத் தளர்த்தினார். கடுங்காப்பி நிறத்தில் பழைய ஆயில், குமிழியோடு குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் இறங்கியது. திருகை இறுக்கினார்.

"இப்ப விடு."

ஒரு சக்கரத்துக்கு ஒரு பாட்டில். நாலு பாட்டிலிலும் மகள் சீட்டு எழுதி ஒட்டியிருந்தாள். இந்த நாலு பாட்டில் ஏற்பாடு ஆய்வாளருடைய கண்டுபிடிப்பு.

வெள்ளிக்கிழமை பள்ளி வேன் அவரிடம் சோதனைக்கு வந்திருந்தது. முன் சக்கரங்களுக்கு மட்டும் ஆயில் மாற்றியிருந்தார் வேன்காரர். மறைக்கவும் இல்லை. "பின்னாடி திருகு ரெண்டும் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு சார். முன்னாடி ரெண்டுதானே முக்கியம்?"

"அப்ப பின்னாடி உக்கார்ற பிள்ளைங்க முக்கியமில்லையா?" என்று காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் ஆய்வாளர். "நாலு சக்கரத்துலயும் எடுத்த பழைய ஆயிலை நாலு பாட்டில்ல வீட்டுக்குக் கொண்டா. பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

இதை வீட்டில் மூன்று முறை சொல்லிச் சிரித்தாயிற்று.

முன் சக்கரங்கள் இரண்டும் முடிந்தன. பாதிப் பாதியாக இரண்டு பாட்டில் நிறைந்தது. பின்னால் போனார். திருகு அசையவில்லை. இன்னும் அழுத்தினார். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி உரிந்ததுதான் மிச்சம். அடுத்த பக்கமும் அதே கதை.

"என்னங்க, பின்னாடி ரெண்டு?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"திருகு முறிஞ்சா வண்டி ஒரு மாசம் ஷெட்ல கிடக்கும். முன்னாடி ரெண்டுதான் முக்கியம்."

"இதையே வேன்காரர் சொன்னப்ப சிரிச்சீங்க."

"அது வேன். இது ஸ்போர்ட்ஸ் கார்."

பிறகு மகளைக் கூப்பிட்டுச் சோப்பு எடுத்துவர அனுப்பினார்.

அவள் திரும்பி வந்தபோது மதில்மேல் நாலு பாட்டில் வரிசையாக நின்றன. நாலிலும் கால் அளவு ஆயில். காரின் பராமரிப்புப் புத்தகத்தில் அப்பா எழுதிக்கொண்டிருந்தார்: 'நான்கு சக்கரங்களுக்கும் மாற்றப்பட்டது.' கீழே கையெழுத்து.

"பின்னாடி திருகு திறந்துடுச்சாப்பா?"

"அதெல்லாம் ஆச்சு. நீ போய்த் தொப்பியை எடு."

சக்கரங்களை மாட்டி முடிக்கவும் வேன் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. உள்ளே பிள்ளைகள் கூச்சல். வேன்காரர் துணிப்பையோடு இறங்கினார். நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அவர் நீட்டிய பாட்டில்களை ஆய்வாளர் ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பார்த்தார். இரண்டு பழுப்பு. மூன்றாவது இன்னும் அடர்த்தி. நாலாவது மை போலக் கறுப்பு, அடியில் துருத்தூள்.

"இது எது?"

"பின்னாடி வலது சார். ரெண்டு நாளா எண்ணெய் விட்டு ஊறவச்சு, தட்டித் தட்டி, இன்னைக்குக் காலையிலதான் அசைஞ்சு கொடுத்துச்சு. நீங்க பிடிவாதமா சொல்லலைன்னா இந்தக் கறுப்போட மலை ஏறியிருப்பேன்."

ஆய்வாளர் கையெழுத்துப் போட்டார். "சோம்பேறித்தனத்துக்கு மலையில இடமில்லை. ஞாபகம் வச்சுக்கோ."

"சரிங்க சார்." வேன்காரரின் பார்வை மதில்மேல் போயிற்று. "சாரும் மாத்திட்டீங்களா? நாலும் ஒரே நிறமா இருக்கே."

"ஒழுங்கா பராமரிச்ச வண்டின்னா அப்படித்தான் இருக்கும்."

"கொடுத்துவச்ச வண்டி சார்."

காருக்குள் மனைவி இருமினாள். இறங்கி வந்து இருக்கையைக் காலி செய்து கொடுத்தாள்.

ஆய்வாளர் மறுபக்கக் கதவைத் திறந்து, இருக்கையில் இல்லாத தூசியைத் தட்டினார். "வா ராஜாத்தி. முன் சீட்டு உனக்குத்தான்."

தொப்பியோடு நின்ற மகள் மதில்மேல் இருந்த நாலு பாட்டிலைப் பார்த்தாள். வேன்காரர் கையிலிருந்த நாலு பாட்டிலையும் பார்த்தாள்.

வேனில் ஒரே ஒரு இடம்தான் காலியாக இருந்தது. கடைசி வரிசையில், வலது ஓரம், பின் சக்கரத்துக்கு நேர் மேலே.

மகள் அதில் போய் உட்கார்ந்தாள்.