மூலை மடிப்பு

"மேனேஜரோட அப்பன் வேற ஓட்டல்ல போய்ப் படுத்தா ஊரு சிரிக்காதா? ரூம் போட்டா எம்மவன் இருக்க ஓட்டல்லதான் போடணும்" என்றார் செல்லப்பா.

குற்றாலத்தில் சீசன் முடிந்து, அவருடைய லாட்ஜுக்கு வெள்ளையடிக்க ஆள் விட்டாயிற்று. சாரல் நின்றாலும் செல்லப்பாவின் பெருமை நிற்கவில்லை. மகன் புவனேஷ் மாலத்தீவில் பெரிய ஓட்டல் ஒன்றில் மேனேஜர். அவனைப் பார்க்கத்தான் இப்போது பயணம். தென்காசி பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் மணி கேட்டால்கூட, "மாலத்தீவுல நம்மளைவிட அரை மணி கம்மி. எம்மவன் அங்கன மேனேஜர்லா" என்பார்.

அவரும் ஒரு லாட்ஜில் மேனேஜராக இருந்து சொந்த லாட்ஜ் பிடித்தவர்தான். பேச்சித்தாயைப் பெண் பார்க்க வந்த அன்று தரகர் அப்படித்தான் சொன்னார்.

இப்போது அந்தப் பேச்சித்தாய்தான் அவரை எப்படியாவது வேறு ஓட்டல் பக்கம் திருப்பப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகள் நிவேதா செல்போனை நீட்டினாள். "எப்பா, இந்தத் தீவைப் பாருங்க. ரூம் தரையே கண்ணாடி. காலுக்குக் கீழ மீன் போறது தெரியுமாம்."

"மீனை எண்ணவா நான் அம்புட்டுத் தூரம் போறேன்? தள்ளு."

"இது? ரூமுக்கு ரூம் தனி நீச்சல் குளம்."

"ஐந்தருவியில குளிச்சவனுக்குத் தொட்டித் தண்ணியா?"

"இது நல்லாருக்கேட்டி! தென்னைமரம், ஊஞ்சல்... இதையே போடு" என்று படத்தைச் சரியாகப் பார்க்காமலே புகுந்தாள் பேச்சித்தாய்.

"ஊஞ்சல் ஆடுத வயசா ஒனக்கு?"

"புவனேஷே வேற தீவுல ரூம் எடுங்கன்னுதானே சொல்லுதான்? அவனே லீவு போட்டுட்டு வந்து பாக்கேங்கான்."

"அதெப்படி? நான் போய் எறங்கணும். அவன் ஓட்டல்ல நாலு பேரு, மேனேஜரோட அப்பா வந்திருக்காருன்னு சலாம் போடணும்."

பேச்சித்தாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷனுக்குப் பெருமை இருக்கலாம். அதற்காகப் பெற்ற பிள்ளையின் மானத்தைச் சந்தியில் வைப்பதா?

கேட்டரிங் படித்து முடித்த கையோடு, "எண்ணெய் தேய்ச்சுக்கிட்டு வந்து உருளுதவன் பெட்ஷீட்டை மாத்திக்கிட்டுக் கெடக்க நான் என்ன ரூம் பாயா?" என்று அப்பாவிடம் வீறாப்பாகக் கேட்டுவிட்டுப் போனவன் புவனேஷ். கடல் தாண்டிப் போனான். அங்கேயும் அவன் கைக்கு வந்தது பெட்ஷீட்தான். போன லீவில் வந்தபோது அம்மாவிடம் மட்டும் சொல்லி அழுதான். அப்பாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டான்.

"என்னட்டி பாத்துக்கிட்டு இருக்க? அவன் ஓட்டலையே அமுக்கு" என்றார் செல்லப்பா. நிவேதாவின் விரல் செல்போன்மேல் இறங்கியது.

"வேண்டாம்!" சத்தியம் காற்றில் போனது. "அவன் மேனேஜர் இல்ல. ரூம் பாய். கட்டிலுக்கு விரிப்பு போடுதான், கக்கூஸ் கழுவுதான். நீங்க போய் நின்னா எம்புள்ள கூனிக் குறுகிப் போவான். போதுமா ஒங்க பெருமை?"

நிவேதா வாயைப் பொத்திக்கொண்டாள். இனி வீடு இரண்டுபடும் என்று காத்திருந்தாள் பேச்சித்தாய்.

செல்லப்பா சிரித்தார். "எனக்குத் தெரியும்ட்டி."

"எப்படி? அவன் சொன்னானா?"

"அவன் கை சொல்லிச்சு. போன லீவுல கட்டிலுக்கு அவனே விரிப்பு போட்டாம்லா? ஒரே உதறு. ஒரு சுருக்கமில்லாம படிஞ்சுட்டு. மூலையைச் சாய்ச்சு மடிச்சு மெத்தைக்கடியில சொருவுனான் பாரு... மேனேஜருக்கு அது வராது. தெனமும் விரிக்கவன் மடிப்பு அது. நம்ம லாட்ஜுல ஒரு பயலுக்கு அந்தக் கை கெடையாது!"

குரலில் அதே பழைய பெருமை. ஒரு இம்மி குறையவில்லை.

"பெறகு எதுக்குப்பா ஊரு பூரா மேனேஜர் மேனேஜர்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீங்க?" என்றாள் நிவேதா.

"அவன் சொன்னதை அப்பனே பொய்யாக்க முடியுமா? என்னைக்காவது அவன் வாயாலயே சொல்லுவான்னு பாத்தேன். வெக்கப்படுதான். நான் இங்கன இருக்க வரைக்கும் அந்த வெக்கம் போகாது. அதான் நேர அங்கனயே போய், அவன் விரிச்ச கட்டில்ல படுக்கணுங்கேன்."

பேச்சித்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் இந்த மனுஷனைத் தப்பாகத்தானே எடை போட்டோம் என்று இருந்தது. "போடுட்டி, அந்த ஓட்டலையே போடு" என்றாள்.

நிவேதா மூக்கை உறிஞ்சிக்கொண்டே விவரங்களை அடித்தாள். "எப்பா, ரூம்ல விசேஷமா ஏதும் வேணும்னா எழுதச் சொல்லுதாங்க. மெத்தையில பூ, கேக்கு, அப்படி ஏதாவது..."

"பூவும் வேண்டாம், கேக்கும் வேண்டாம். 'எங்க கட்டிலுக்குப் புவனேஷ்தான் விரிப்பு விரிக்கணும்'னு எழுது. அவன் கண்ணுல படட்டும்."

"கீழ ஒங்க பேரு? 'முன்னாள் மேனேஜர், இந்நாள் லாட்ஜ் ஓனர்'னு கெத்தா போட்டுரவா?"

செல்லப்பா ஒருமுறை பேச்சித்தாயைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தரகர் சொன்னதெல்லாம் எதுக்கு? 'செல்லப்பா, பழைய ரூம் பாய், குற்றாலம்'னு போடு."